ஒரு முழம் மழை

சிலுவைத்துறையில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைத் தன் வீட்டு வாசலில் நடந்ததாகத்தான் சொல்வார்கள், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட்டியும் சொல்வார்கள், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லார் வாயும் ஒத்துப்போகும்: வானம் ஏமாற்றி, கோயில் கிணற்றில் வாளி விட்டால் மணல்தான் வரும் என்று ஆகி, ஒன்பது நாளைக்கு ஒரு தரம் வருகிற தண்ணீர் லாரிக்காக ஊரே ரோட்டோரம் குடங்களை வரிசை வைத்துக் காத்துக் கிடந்த வருஷத்து ஆனி மாதத்தில், தஸ்நேவிசின் வள்ளத்துக்குப் புதுக் கித்தான் போட்டார்கள், போட்ட கித்தான் ஒரு முழம் பற்றாமல் போனது, பற்றாமல் போன அந்த ஒரு முழத்தில் மதியம் மூன்று மணிக்கு மழை பெய்தது. அங்கே மட்டும்தான் பெய்தது. பக்கத்தில் நின்ற வள்ளத்தின் மேல் ஒரு சொட்டு விழவில்லை, அதன் நிழலில் படுத்திருந்த நாய் எழுந்துகூடப் பார்க்கவில்லை.

கித்தான் போடுவது அந்த ஊரில் சின்னக் காரியம் இல்லை. வருஷத்தில் ஒரு தரம், கச்சான் காற்று தலைகால் தெரியாமல் அடிக்கிற ஆனி ஆடியில், வள்ளங்களைக் கரையேற்றி, ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டி, இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்து, பெயின்ட் அடித்து, கடைசியில் அணியத்து மூக்கிலிருந்து பின்னால் சுக்கான் வரைக்கும் கித்தானால் மூடி இழுத்துக் கட்டிவிடுவார்கள். வெயில் பலகையை வெடிக்க வைக்கும், மழை அதைவிட மோசம்; கடல் தண்ணீரில் முப்பது வருஷம் கிடந்தாலும் அசையாத மரம் நல்ல தண்ணீரில் மூன்று வருஷம் ஊறினால் ஒன்றுக்கும் ஆகாது. அந்தக் கித்தானுக்கு அளவெடுக்க டேப்பை நீட்டினால் தையல்காரனையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வள்ளத்தின் சொந்தக்காரன்தான் கயிற்றைப் பிடித்து, இரண்டு கையையும் விரித்து, ஒரு விரிப்பு ஒரு பாகம் என்று பாகம் பாகமாக அளந்து கொடுக்க வேண்டும். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் என்றால் ஒருவன் அணியத்திலிருந்தும் மற்றவன் சுக்கானிலிருந்தும் அளந்துகொண்டே வந்து, நடுவில் சந்திக்கிற இடத்தில் இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சோடு தையல்காரன் கையில் கொடுப்பார்கள். ஒரு வள்ளம் யாருடையது என்று ஊர் தெரிந்துகொள்வது அந்த முடிச்சைப் பார்த்துத்தான்.

தஸ்நேவிசின் வள்ளம் அவனுடையது மட்டும் இல்லை, அவன் தம்பி எப்ரேமுடையதும்தான். அப்பா சாகும்போது இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்து விட்டுப்போனது. எட்டு வயசு வித்தியாசம் இருவருக்கும். அண்ணன் எஞ்சினைப் பார்ப்பான், தம்பி சுக்கான் பிடிப்பான், தொழில் முடிந்து திரும்பும்போது தம்பியே முன்னால் போய் நங்கூரத்தைத் தூக்கி, "ம், போடுண்ணே" என்று குரல் கொடுப்பான், அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அண்ணன் எஞ்சினைப் போடுவான். இருபது வருஷமாக அதுதான் பழக்கம். அந்த வருஷம் மாசியில் ஒரு நாள், வலை நிறைய நகரை மீன் ஏறியிருந்த சந்தோஷத்தில், ஏலத்துக்கு முதல் ஆளாகப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், தஸ்நேவிஸ் குரல் வருமுன்னால் எஞ்சினைப் போட்டுவிட்டான். நங்கூரக் கயிறு எப்ரேமின் இடது கையைச் சுற்றி இழுத்தது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குரல் வந்ததா வரவில்லையா என்று யாரும் கேட்கவில்லை, தஸ்நேவிசும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவன் தனக்குத்தானே பலதடவை சொல்லிக்கொண்டான், அது பொய் என்றும் அவனுக்குத் தெரியும்.

நாலு மாதம் கழித்து, அளவெடுக்கிற அன்று, எப்ரேம் இடது சட்டைக்கையை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு கடற்கரைக்கு வந்தான். வழக்கம்போல் சுக்கான் பக்கம் போய் நின்றான், வலது கையில் கயிற்றை எடுத்தான். தையல்காரர் ஜலால் இருந்தார், பக்கத்து வள்ளத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தஸ்நேவிசுக்குத் தம்பியின் அந்த மடித்த சட்டைக்கையைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததை என்ன செய்வது என்று தெரியாத மனுஷர்கள் வழக்கமாகச் செய்வதையே அவனும் செய்தான், அதைக் கேலி ஆக்கினான்.

"ஒத்தக் கைய வச்சிக்கிட்டு நீ எங்கலே பாகம் அளக்கப் போற? போ, போய் நெழல்ல உக்காரு."

ஏழெட்டுப் பேரில் நாலு பேர் சிரித்தார்கள். தஸ்நேவிசும் சிரித்தான். எப்ரேம் கையிலிருந்த கயிற்றை, ஒற்றைக் கையால், அவசரமில்லாமல், வட்டம் வட்டமாகச் சுருட்டி, சுக்கான் பலகை மேல் வைத்துவிட்டு நடந்து போனான். மறுநாள் பெண்டாட்டி ரெஜினாளைக் கூட்டிக்கொண்டு அவள் பிறந்த ஊரான வேம்பாருக்குப் பஸ் ஏறிவிட்டான். வள்ளத்தை இரண்டு பக்கமிருந்தும் தஸ்நேவிசே அளந்தான், தன் கயிற்றோடு தன் கயிற்றைத் தானே முடிந்து ஜலால் கையில் கொடுத்தான்.

கித்தான் வந்தது. பச்சை நிறம், புது மணம், ஓரமெல்லாம் பித்தளை வளையம். அணியத்து மூக்கில் மாட்டி இழுத்துக்கொண்டே வந்தார்கள், சுக்கான் கிட்டே வந்ததும் நின்றுவிட்டது. ஒரு முழம் பற்றவில்லை. ஜலால் தன் கையை வைத்துப் பார்த்தார், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் கணக்காக இருந்தது. "கயித்த வச்சு மூணு தரம் சரி பாத்தேன் அண்ணாச்சி, ஒரு விரல்கூடக் கொறையல" என்றார். எடுத்துப்போய் ஒரு முழத் துண்டு கூட்டித் தைத்துக்கொண்டு வந்தார். மாட்டினார்கள், ஒரு முழம் பற்றவில்லை. திரும்ப எடுத்துப்போய் இரண்டு முழம் கூட்டித் தைத்தார்; மாட்டினார்கள், ஒரு முழம் பற்றவில்லை. கூட்டின துண்டெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் துணிக்கடைத் துணி துவைத்தால் சுருங்குகிறதே, அதை யார் கேட்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்கிற மட்டுக்கும் கட்டிவிட்டுக் கலைந்துவிட்டார்கள். மறுநாள் மூன்று மணிக்கு வேம்பார் பஸ் ஊர் முக்கில் ஹாரன் அடித்தது, சுக்கான் பலகை மேல் மழை விழ ஆரம்பித்தது.

முதலில் காக்காய்கள்தான் வந்தன. பிறகு ஆடுகள் வந்தன. மூன்றாவதாகப் பாக்கியசீலி வந்தாள், அவள் மீன் விற்கிறவள், ஊரில் எந்த வரிசையிலும் முதல் ஆளாக நிற்கிறவள். ஒரு கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, "இனிப்பா இருக்குடீ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்ப் பச்சைக் குடத்தை எடுத்துவந்து வைத்தாள். சாயங்காலத்துக்குள் நாற்பது குடம் சேர்ந்துவிட்டது. எங்கிருந்து பெய்கிறது என்று பார்க்கிறேன் என்று ஒருத்தன் செல்போன் டவரில் பாதி உயரம் ஏறி, இன்னும் மேலேயிருந்து வருகிறது என்று சொல்லி இறங்கினான், அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. ஊருக்கு அதைவிட முக்கியமான பிரச்சினைகள் இருந்தன: வீட்டுக்கு எத்தனை குடம், பிள்ளைபெற்ற வீட்டுக்குக் கூடுதலா இல்லையா, போன வருஷம் கோயில் வரி கட்டாதவர்களுக்கு உண்டா, கல்யாண வீட்டுக்கு எத்தனை நாளைக்கு முன்னால் சொல்ல வேண்டும். நாலு நாள் சண்டை போட்டு, ஐந்தாம் நாள் குடத்தில் பெயின்டால் நம்பர் எழுதினார்கள், சண்டை நின்றது.

சாமியார் முதல் இரண்டு ஞாயிறு பிரசங்கத்தில் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார், மூன்றாவது ஞாயிறு ஞானஸ்நானத் தொட்டிக்கு இரண்டு குடம் வாங்கி வரச் சொல்லிவிட்டார். நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்கு ஜலாலின் தெருக்காரர்கள் ஆட்டோவில் கேன் கொண்டு வந்தார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, குடை பிடித்துக்கொண்டு அந்த ஒரு முழத்துக்குள் நின்று பார்த்து, "இதர நீர் ஆதாரங்கள்" என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அந்தத் தண்ணீரில் வேகிற சோறு உதிரியாக வருகிறது என்றும், தலை குளித்தால் பேன் நிற்பதில்லை என்றும் பெண்கள் சொன்னார்கள். முழ மழை என்று பெயர் வந்துவிட்டது, அது வேம்பார் பஸ்ஸோடு வருகிறது என்பதும் பழகிவிட்டது. ஹாரன் கேட்டதும் "பஸ்சு வந்துட்டு, கொடத்த எடு" என்று வீட்டுக்கு வீடு சத்தம் கேட்கும். ஒரு தரம் பஸ் ஸ்டிரைக் நடந்த அன்று மழை மூன்று மணிக்கு வரவில்லை. எல்லாரும் குடத்தோடு உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஆறரை மணிக்கு மேல், அத்தனை தூரம் நடந்து வந்த களைப்போடு, சொட்டுச் சொட்டாக வந்து சேர்ந்தது. "பாவம்" என்றாள் பாக்கியசீலி, அன்றைக்கு அவள் அரைக் குடத்தோடு போய்விட்டாள்.

ஊருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. பற்றாமல் போனது எந்தக் கையின் எந்தப் பாதி என்று தெரிந்தது, அன்று சிரித்த நாலு பேருக்கும் தெரிந்தது, ஆனால் தாகம் தீருகிற இடத்தில் நின்று யார் அதைப் பேசுவார்கள். குடம் நிறைந்ததும் தஸ்நேவிசைப் பார்த்து, "ஒங்க வள்ளத்துப் புண்ணியம்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேர் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் கன்னத்தில் விழுந்தது.

ஆவணி பிறந்து காற்று அடங்கியதும் கித்தானை அவிழ்த்து வள்ளத்தைக் கடலில் இறக்கினான். மழையும் கூடவே இறங்கியது. அரை மைல் தள்ளிக் கடலுக்குள் போய் நின்றால் அங்கேயும் மூன்று மணிக்கு சுக்கான் பலகை மேல் பெய்தது, கரையில் குடங்கள் வரிசையாக வெயிலில் காய்ந்தன. அன்று சாயங்காலமே ஊர்க்கமிட்டி கூடி, தஸ்நேவிசின் வள்ளம் இனிமேல் கடலுக்குப் போக வேண்டாம், கரையிலேயே நிற்கட்டும், அவன் வீட்டுக்குத் தினம் ஒரு வள்ளத்திலிருந்து முறை வைத்து மீன் போய்விடும் என்று தீர்மானம் போட்டது. தஸ்நேவிஸ், பதினாறு வயசிலிருந்து கடலுக்குப் போனவன், நாற்பத்தாறு வயசில் கரையில் உட்கார்ந்து, பிறத்தியார் பிடித்த மீனைத் தின்ன ஆரம்பித்தான். கோயில் திருவிழாவில் முதல் வரிசையில் நாற்காலி போட்டார்கள், சப்பரத்துக்கு முன்னால் அவனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள், அவன் தலையைக் குனிந்துகொண்டான், பணிவு என்று எல்லாரும் மெச்சினார்கள்.

அவன் பெண்டாட்டி அமலோற்பவம் மட்டும் மெச்சவில்லை. அளவெடுத்த அன்று அவள் கடற்கரைக்கு வரவில்லை, ஆனால் சிரித்த நாலு பேரின் பெண்டாட்டிகளும் அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

"போயி தம்பியக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"ஈஸ்டர் கழியட்டும்."

ஈஸ்டர் கழிந்தது. "போயிட்டு வாங்க" என்றாள் திரும்ப.

"திருவிழா முடியட்டும், இப்பம் போனா ஊர் என்ன நெனைக்கும்."

திருவிழா முடிந்து, மறு வருஷத்து ஈஸ்டரும் கழிந்த ஒரு நாள் அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். "என்னதான் தடுக்குது ஒங்கள?"

அவனுக்கு அதற்குள் ஒரு நல்ல பதில் கிடைத்திருந்தது. "அவன் வந்து அளந்தாம்னா கித்தான் பத்திரும். கித்தான் பத்திட்டா மழ நின்னுரும். இந்தச் சனம் எங்க போவும் தண்ணிக்கி? யோசிச்சுப் பாத்தியா?"

அமலோற்பவம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊருக்காவத்தான் போவாம இருக்கிய, இல்லியா" என்றாள், மீனைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஊர்த் தாகத்தை எடுத்துத் தன் கூச்சத்துக்கு மேல் போர்த்திக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தான் தஸ்நேவிஸ், அந்தப் போர்வை மட்டும் ஒரு விரல்கூடக் குறையவில்லை.

வள்ளம் அதற்குள் ஊறிக்கொண்டிருந்தது. குடத்துக்குள் விழாத தண்ணீர் பலகைக்குள் இறங்கியது. முதல் வருஷம் பெயின்ட் உரிந்தது, இரண்டாம் வருஷம் சுக்கான் பலகைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் காளான் முளைத்தது. தஸ்நேவிஸ் தினமும் காலையில் போய்க் காளானைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது பலகையை விரலால் அழுத்திப் பார்ப்பான். முதலில் நகம் இறங்கியது. பிறகு விரல் நுனி இறங்கியது. கடற்கரையில் பிறந்தவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா பார்த்துப் பார்த்துச் செய்த வள்ளம் தன் கண்ணெதிரே கரைகிறது என்று தெரியும், ஒரு பஸ் ஏறினால் நின்றுவிடும் என்றும் தெரியும். தெரிந்துதான் விட்டிருந்தான்.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் வானத்துக்கு என்ன தோன்றியதோ, பிடித்துக்கொண்டது. பதினொரு நாள் விடாமல் பெய்தது. கோயில் கிணறு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது, ஊருணி உடைத்துக்கொண்டு ரோட்டில் ஓடியது, பள்ளிக்கூடத்துக்கு நாலு நாள் லீவு விட்டார்கள். தண்ணீர் லாரிக்காரனை யாரும் தேடவில்லை. நம்பர் போட்ட குடங்களெல்லாம் வீட்டுப் பின்புறத்துக்குப் போயின. கார்த்திகையில் வெயில் வந்த பிறகும் முழ மழை தன் நேரத்துக்கு வந்து, ஒரு குடம்கூட இல்லாத பலகை மேல், யாரும் ஏந்தாத தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனது. "சனியன், கொசுவுல்லா மொய்க்குது" என்று பாக்கியசீலியே சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற தஸ்நேவிசுக்கு ஒரேயடியாக வெறும் உடம்போடு நிற்பதாக இருந்தது. இனிச் சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வேம்பாருக்குப் போனான்.

எப்ரேம் வீட்டு முன்னால் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வலையின் கண்ணைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, வலது கையால் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தான். வேலை சுத்தமாக இருந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "வாண்ணே" என்றான். ரெஜினாள் உள்ளேயிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தாள்.

தஸ்நேவிஸ் ஸ்டூலில் உட்காராமல் மணலிலேயே உட்கார்ந்தான். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "எஞ்சினை நாந்தாம்ல போட்டேன்" என்றான். "நீ சொல்லுமுன்ன போட்டுட்டேன்."

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"நாந்தான சொல்லணும். நாஞ் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா?" எப்ரேம் ஊசியை வலையில் குத்தி வைத்தான். "அது ஆஸ்பத்திரியிலயே போயிட்டுண்ணே. கை போனது கடல்ல. கடல்ல ஆருக்கும் என்ன வேணும்னாலும் நடக்கும். நீ சிரிச்சது கரையில."

தஸ்நேவிசுக்கு அழுகை வந்தது, அழுதான். தம்பி அவனைத் தேற்றவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ரெஜினாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எப்ரேம், இல்லாத கையை இருக்கிற கையால் தடவப்போய் நிறுத்திக்கொண்டு, "மத்தியானம் மூணு மணி ஆனா இந்தக் கை குளுருது. நனைஞ்ச மாதிரி. இவ துண்டக் கொண்டாந்து தொடைப்பா, எதத் தொடைக்கது?" என்றான். அண்ணன் அவனுக்கு மழையைப் பற்றிச் சொன்னான். எப்ரேம் ஆச்சரியப்படவில்லை. "தண்ணி நல்லா இருந்துதா?" என்று மட்டும் கேட்டான்.

"இனிப்பா இருந்துது."

"அப்பம் சரி" என்றான் எப்ரேம்.

அந்த வாரமே வந்தான். ஜலால் வந்தார், இரண்டு கயிறு கொண்டுவந்தார், சிரித்த நாலு பேரும் கூப்பிடாமலே வந்து தள்ளி நின்றார்கள். எப்ரேம் சுக்கான் பக்கம் போனான். இடது முழங்கையால் கயிற்றின் நுனியை, இன்னும் உறுதியாக இருந்த வள்ளத்து மேல்விளிம்போடு அழுத்திப் பிடித்து, வலது கையால் இழுத்து, அந்த இடத்தில் பல்லால் கடித்து அடையாளம் வைத்து, நகர்ந்து, மறுபடியும் அழுத்தினான். கயிறு நழுவியது, மறுபடியும் ஆரம்பித்தான். தஸ்நேவிஸ் ஓடிப்போய் நுனியைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"நீ ஒன் பக்கத்த அளண்ணே" என்றான் எப்ரேம்.

அளந்துகொண்டே வந்து நடுவில் சந்திக்க அரை மணி நேரம் ஆயிற்று. தஸ்நேவிஸ் இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான், எப்ரேம் முடிச்சுப் போட்டான், மூன்று கையில் விழுந்த அந்த முடிச்சை ஜலால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப்போனார்.

பத்தாம் நாள் காலையில் கித்தான் வந்தது. எப்ரேமும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். அணியத்தில் மாட்டி இழுத்துக்கொண்டே வந்தார்கள், வளையம் வளையமாகக் கயிறு கோத்துக் கட்டிக்கொண்டே வந்தார்கள், சுக்கான் கிட்டே வந்தது, சுக்கானைத் தாண்டியது, விளிம்பில் மடிந்து, ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு விரல் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று உட்கார்ந்தது. அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசி வளையத்தில் கயிற்றைக் கோத்து, தஸ்நேவிஸ் காலை ஊன்றி ஒரு இழுப்பு இழுத்தான்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. டீயில் நனைத்த ரஸ்க் உடைகிற மாதிரி, சுக்கான் பக்கத்துப் பலகைகள் கித்தானுக்கு உள்ளேயே பொலபொலவென்று உதிர்ந்தன, பின்பக்கம் முழுவதும் மணலில் சரிந்து இறங்கியது. கித்தான் கட்டின கட்டு மாறாமல் அப்படியே நின்றது, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒரு முழு வள்ளம் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எப்ரேம் குனிந்து கித்தானுக்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தான். மரம் சேறாக இருந்தது. விரலிடுக்கில் வழிந்தது.

"இப்பிடியாண்ணே விட்டு வச்சிருந்த?"

"ரெண்டர வருசம்ல..."

"அதத்தாங் கேக்கேன்" என்றான் எப்ரேம். குரல் உயரவில்லை. "ஒண்ணேகால் மணி நேரம் பஸ்சுண்ணே வேம்பாருக்கு."

அப்பாவின் வள்ளம் போய்விட்டது, இனி எத்தனை தச்சன் வந்தாலும் சேற்றைச் சேர்த்துப் பலகையாக்க முடியாது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று மைனி அமலோற்பவம் சொன்னதைத் தட்டாமல் எப்ரேம் உட்கார்ந்து சாப்பிட்டான், மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான். சுக்கானின் கைப்பிடி மட்டும் தேக்கு, அது ஊறவில்லை. அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். தஸ்நேவிஸ் மணலைத் துடைத்துக் கொடுத்தான். அதை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வாரேன் மைனி, வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு எப்ரேம் பதினொரு மணி பஸ்ஸில் போய்விட்டான். கோபமாகப் போயிருந்தால் தஸ்நேவிசுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மூன்று மணிக்கு வேம்பார் பஸ் முக்கில் ஹாரன் அடித்தது. தஸ்நேவிஸ் கித்தான் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தான். மழை வரவில்லை. கித்தான் வெயிலில் மொரமொரவென்று காய்ந்து கிடந்தது. காக்காய் ஒன்று வந்து உட்கார்ந்து, அலகால் தட்டிப் பார்த்துவிட்டுப் பறந்தது. அவன் எழுந்து, பழைய இடத்துக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான், வெகுநேரம் நின்றான், உள்ளங்கை சூடாயிற்றே தவிர நனையவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: இந்த இரண்டரை வருஷமும் தம்பி ஒரு நாள் தவறாமல் வந்து, தன் இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிருக்கிறான். ஸ்டிரைக் அன்று நடந்தே வந்திருக்கிறான். தான்தான், எல்லாச் சாக்கும் தீர்கிற வரைக்கும், ஒரு தடவைகூடப் போகவில்லை.

அமலோற்பவம் தேடிக்கொண்டு வந்தாள். அவன் நின்ற நிலையைப் பார்த்தாள், கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"நாளைக்கி ரெண்டு பேருமாப் போயிட்டு வருவோம்" என்றாள். "வேம்பாருக்கு இங்கேருந்து பஸ்சு எத்தன மணிக்கு?"

"ஆறே கால், எட்டு இருவது, பதினொண்ணு" என்றான் தஸ்நேவிஸ். "அதுக்குப் பெறவு மூணே காலு. கடைசி வண்டி ஏழு பத்து."

நிறுத்தாமல், யோசிக்காமல் சொன்னான். அமலோற்பவம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டரை வருஷமாக அவனுக்கு அது மனப்பாடம்.